எட்டடி பிளைவுட்டை நேராக அறுக்க எந்த கைடு ரெயில்?

எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகையை நீளவாக்கில் நேராக அறுக்க வேண்டுமானால், ரம்பத்தின் விலையைவிட அது ஓடும் கைடு ரெயிலின் நீளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளாக அலமாரி, கட்டில் வேலைகளில் மூன்று விதமான ரெயில்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது.

பலகையின் நீளம் 2440 மி.மீ. ரம்பத்தின் அடித்தட்டு ரெயிலில் சரியாக அமர்ந்த பிறகே பற்கள் மரத்தைத் தொட வேண்டும். அறுத்து முடிந்து வெளியேறும்போதும் பிடிமானம் விடக்கூடாது. இரண்டு பக்கமும் ஐந்து அங்குலம் மிச்சம் வைத்தால் 2700 மி.மீ.க்குக் குறைந்த ரெயில் இந்த வேலைக்கு உதவாது.

நானே செய்த ரெயில்தான் முதலில் இருந்தது: 6 மி.மீ. பிளைவுட் பட்டையின் மேல் அலுமினியச் சதுரக் குழாய், இரு முனையிலும் சி கிளாம்ப். செலவு மிகக் குறைவு, சாதாரண வட்ட ரம்பமே போதும். ஆனால் ரம்பத்தைக் குழாயோடு ஒட்டிவைக்கும் பொறுப்பு முழுவதும் கைக்குத்தான். அதற்காக அழுத்தினால், மெல்லிய குழாய் எட்டடி நீளத்தின் நடுவில் வெளிப்பக்கம் வளைந்துகொடுக்கிறது. கடையில் கிடைக்கும் டிராக் சா ரெயிலில் ரம்பத்தின் பள்ளம் ரெயிலின் மேட்டில் பொருந்தி ஓடுவதால், எந்தப் பக்கமும் விலக வழியில்லை. காசு கொடுப்பது இதற்காகத்தான்.

பெரும்பாலோர் 1400 மி.மீ. ரெயில்கள் இரண்டை வாங்கி இணைக்கிறார்கள். ஆட்டோவில் ஏற்றலாம், மாடிக்குக் கொண்டுபோகலாம். பலவீனம் இணைப்பில் இருக்கிறது. திருகுகளை முடுக்கும்போது ரெயில்கள் நூலளவு திரும்பினாலும் வெட்டு கோணிவிடும். ரெயில் முனைகளை இடித்துச் சேர்க்காமல் மயிரிழை இடைவெளி விட்டு, நீளமான நேர்மட்டத்தை இரண்டின் விளிம்போடும் அணைத்துப் பிடித்துக்கொண்டு முடுக்கினால் நன்றாக வருகிறது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் இதைச் செய்தாக வேண்டும். நிலையான பட்டறையும் நீண்ட சுவரும் இருப்பவர்கள் தயங்காமல் 3000 மி.மீ. ஒற்றை ரெயில் வாங்கலாம். அது வந்த பிறகு என் வேலையின் வேகமே மாறிவிட்டது.

விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டைக்குத் தனி மரியாதை தர வேண்டும். முதல் ஓட்டத்தில் ரம்பமே அதைத் தன் கோட்டுக்கு அறுத்துக்கொள்கிறது. அதன்பின் பட்டையின் விளிம்பைக் குறியில் வைத்தால் போதும், வெட்டு அங்கேயே விழும். வெனீர் பலகையில்கூடச் சிலாம்பு பெயராது. தடிமன் வேறுபட்ட பிளேடு மாட்டினால் இந்தக் கோடு தவறிவிடும். பட்டை தேய்ந்தாலும் பயன் போய்விடும். ஆகவே பிளைவுட்டுக்கென்று 48 பல் பிளேடு ஒன்றை ஒதுக்கிவைத்திருக்கிறேன். அடியில் இருக்கும் வழுக்காப் பட்டையில் தூள் படிந்தால் ரெயில் நழுவும். ஈரத்துணியால் துடைத்தால் பிடிப்பு திரும்புகிறது. நீளமான வெட்டுக்கு அப்போதும் கிளாம்ப் போடுவதே என் வழக்கம்.

மகிட்டா நிறுவனத்தின் ரம்பம் ஃபெஸ்டூல் நிறுவனத்தின் ரெயிலிலும், ஃபெஸ்டூல் ரம்பம் மகிட்டா ரெயிலிலும் ஓடும். ஆனால் 45 பாகையில் சாய்த்து அறுக்கும்போது ரம்பம் கவிழாமல் தடுக்கும் மகிட்டாவின் கொக்கி, மகிட்டா ரெயிலில்தான் மாட்டும். டிவால்ட் நிறுவன ரெயிலின் அமைப்பு வேறு. ரம்பத்தையும் ரெயிலையும் தனித்தனியாக வாங்குவோர் இதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே ஒரு பலகையில் ரெயிலின் விளிம்பை ஒட்டிக் கூரிய பென்சிலால் கோடு இழுங்கள். ரெயிலை முனைக்கு முனை திருப்பி, அதே விளிம்பைக் கோட்டின் மறுபக்கத்தில் வைத்து இன்னொரு கோடு இழுங்கள். ரெயில் வளைந்திருந்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே அந்த வளைவு இரட்டிப்பாகத் தெரியும்.