கார் ஸ்டீரியோ: கப்ளரா, ஒயரை வெட்டி ஜாயின்ட் அடிப்பதா?

கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட இரண்டு வழி உண்டு. காரின் சாக்கெட்டுக்குப் பொருந்தும் கப்ளர் வாங்கிச் செருகலாம். அல்லது சாக்கெட்டை வெட்டிவிட்டு ஒயரோடு ஒயரை முறுக்கி டேப் சுற்றலாம். எங்கள் வீட்டுப் பழைய வேகன் ஆருக்குக் கப்ளர்தான் போட்டேன். அடுத்த வண்டி வந்தாலும் அதேதான்.

செட்டின் விலையோடு பார்த்தால் கப்ளர் காசு பெரிதில்லை. வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டிவிடலாம், வாரண்டி வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் வாக்குவாதமும் இல்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என்னைக் கப்ளர் பக்கம் சாய்த்தது வேறு: சத்தத்தில் கோளாறு வந்தால் எங்கே தேடுவது?

செட்டிலிருந்து வரும் ஒயர்களுக்குப் பெரும்பாலும் ஒரே நிற வழக்கம்தான். மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வரும் சப்ளை, கறுப்பு எர்த். முன் இடது ஸ்பீக்கர் வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆனால் காரின் பக்கத்து ஒயர்கள் இந்த வழக்கப்படி வருவதில்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாக்கெட்டை வெட்டிவிட்டால் அதன் எந்த முனை எதற்கு என்ற அடையாளமே போய்விடும். அப்புறம் ஊகம்தான்.

ஊகம் தவறினால் உடனே தெரிவதும் இல்லை. ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் பாட்டு பாடத்தான் செய்யும். பேஸ் மட்டும் காணாமல் போகும், பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் சிதறும். பழியெல்லாம் ஸ்பீக்கர் மேல் விழும். செட்டிலிருந்து ஒயரைப் பிரித்து, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) வெளியே தள்ளும், மாறிப் பட்டால் உள்ளே இழுக்கும்.

சாவியை அணைத்ததும் கடிகாரமும் ஸ்டேஷன்களும் அழிந்தால் மஞ்சளையும் சிவப்பையும் பாருங்கள். பல ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் இந்த இரண்டும் இடம் மாறித்தான் வரும். அதற்காகவே சில கப்ளர்களில் இந்த ஒயர்களின் நடுவே சிறு கனெக்டர் இருக்கும். கழற்றி மாற்றிச் செருகினால் முடிந்தது வேலை.

டேப் விஷயத்தில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மத்தியானம் மூடிக் கிடக்கும் காரில் பசை இளகி டேப் நழுவும். ஸ்பீக்கர் ஒயர் காரின் இரும்பு பாடியில் பட்டால் செட் ப்ரொடெக்ட் என்று காட்டி ஊமையாகிவிடும், அதுவும் பள்ளம் மேட்டில் மட்டும், விட்டுவிட்டு.

கப்ளர் எல்லாவற்றையும் தீர்க்காது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கக் கீச்சொலி ஏறினால் அது பெரும்பாலும் எர்த் சமாச்சாரம். தனி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) இருந்தால், செட்டிலிருந்து அதற்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கேபிளிலோ செட் பக்கமோ தேட வேண்டும். நிற்காவிட்டால் ஆம்பின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்குங்கள். பவர் ஒயர் ஒரு பக்கமும் ஆர்சிஏ மறுபக்கமும் போகட்டும். இரைச்சலை அடக்க விற்கும் மலிவு ஃபில்டர்கள் பேஸையும் சேர்த்துத் தின்றுவிடும், அவற்றை நான் கடைசிக்குத்தான் வைப்பேன்.

முந்தைய ஓனர் சாக்கெட்டை ஏற்கெனவே வெட்டியிருந்தால் ஜாயின்ட் தவிர வழியில்லை. அப்போதும் டேப் வேண்டாம். ஒயர்களைச் சிறு உலோகக் குழாயில் வைத்து நசுக்கி (கிரிம்ப்), மேலே சூட்டில் சுருங்கி இறுகும் உறை (ஹீட் ஷ்ரிங்க்) போடச் சொல்லுங்கள், ஜாயின்ட்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். ஸ்டீயரிங் பட்டன், கம்பெனி ஆம்ப் உள்ள வண்டிகளில் நான் கை வைத்ததில்லை. அவற்றில் பலவற்றுக்குக் காரின் டிஜிட்டல் சிக்னலைப் புதுச் செட்டுக்குப் புரியவைக்கும் தனி கேன்பஸ் பெட்டியும் வேண்டியிருக்கும், அங்கே என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த வழியானாலும் டேஷ்போர்டை மூடுமுன் பேலன்ஸ் (இடம்-வலம்), ஃபேடரை (முன்-பின்) நான்கு மூலைக்கும் திருப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாகக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.