ஸ்காலர்ஷிப்: இருக்கிற நேரத்தை எதில் போடுவது?

கல்லூரிக்குப் பணம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "என்னென்ன ஸ்காலர்ஷிப் இருக்கு, ஒரு லிஸ்ட் கிடைக்குமா?" என்றுதான். லிஸ்ட் கிடைத்துவிடும், நூற்றுக்கணக்கில் வந்து விழும். கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. பள்ளியின் கடைசி வருடத்தில் பரீட்சைக்கும் படித்துக்கொண்டு ஐம்பது விண்ணப்பங்களை யாராலும் ஒழுங்காக எழுத முடியாது, ஐந்தோ ஆறோதான் உருப்படியாக வரும். அந்த ஐந்தாறை எப்படிப் பொறுக்குகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பணம் வரும் வழிகள் நான்கு என்று வைத்துக்கொள்வோம்: உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த பெரிய ஸ்காலர்ஷிப்கள், அரசு உதவித்தொகைகள், கல்லூரியே தன் நிதியிலிருந்து தருவது, அப்புறம் அறக்கட்டளைகளும் சங்கங்களும் நிறுவனங்களும் தரும் சின்னத் தொகைகள். பெரும்பாலானவர்கள் இதே வரிசையில்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் கல்லூரியின் சொந்த நிதியில் ஆரம்பிக்க வேண்டும், பெரிய பெயர்கள் கடைசியில் வரட்டும்.

பெரிய பெயர்களை முதலில் பார்த்து முடித்துவிடுவோம். ரோட்ஸ் ஸ்காலர்ஷிப், 1902-இல் இறந்த செசில் ரோட்ஸ் எழுதிவைத்துப் போன உயிலிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உலகம் முழுவதிலுமிருந்து வருடத்துக்குச் சுமார் 100 பேரை எடுக்கிறார்கள். 2000-இல் தொடங்கிய கேட்ஸ் கேம்பிரிட்ஜில் சுமார் 80 பேர். 1983-இலிருந்து பிரிட்டன் அரசு நடத்தும் செவனிங், ஒரு வருட முதுகலைப் படிப்புக்கானது. அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸும் முதுகலைக்குத்தான். கவனித்தீர்களா, இவற்றில் ஒன்றுகூடப் பள்ளி முடித்து இளங்கலை சேரப்போகும் மாணவருக்கு இல்லை! ஆனாலும் பள்ளி மாணவர்கள் வாரக்கணக்கில் இவற்றின் பக்கங்களையே படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்ததும் மற்றதெல்லாம் அப்புறம், எந்தப் படிப்பு, எந்த நாட்டினர், எந்த வயது என்ற தகுதிப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இளங்கலைக்கு வெளிநாடு போவதாக இருந்தால் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், ஹங்கேரியின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம், துருக்கி அரசின் ஸ்காலர்ஷிப் ஆகியவை பார்க்க வேண்டியவை, மூன்றுமே இளங்கலை மாணவர்களையும் எடுக்கின்றன. ஒன்றோடொன்று ஒப்பிடும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். மெக்ஸ்டில் இளங்கலைக்குப் போனால் பொதுவாக முதல் ஒரு வருடம் மொழிப் பயிற்சியிலேயே போய்விடும், நான்கு வருடப் படிப்பு ஐந்தாகும், ஆனால் அந்த ஐந்து வருடத்துக்கும் உதவித்தொகை உண்டு. துருக்கியிலும் மொழிக்கென்று ஒரு வருடம் வைத்திருக்கிறார்கள். ஹங்கேரியில் கட்டணம் கிடையாது, மாதாமாதம் பணமும் வரும், ஆனால் அந்தப் பணம் முழு வாழ்க்கைச் செலவையும் தாங்காது, மேற்கொண்டு வீட்டிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டும். "முழு ஸ்காலர்ஷிப்" என்று மூன்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும் வீட்டின் மேல் விழும் சுமை மூன்றிலும் வேறு வேறு.

அரசு உதவித்தொகை பற்றி அதிகம் அலசத் தேவையில்லை. பெரும்பாலும் இங்கே தகுதி இருந்தால் கிடைக்கும், எழுத்துத் திறமை தேவைப்படுவது குறைவு. போட்டி காகிதங்களோடுதான்: வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பது, இப்படி. ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் தேங்கிவிடும். அதனால் ஆவண வேலையைப் பல மாதம் முன்பே முடித்து வைத்துவிடுங்கள். இன்னொன்று, பணம் தாமதமாக வரலாம் என்று எதிர்பார்த்து, முதல் பருவக் கட்டணத்துக்கு வேறு வழி வைத்திருப்பது நல்லது. படித்த பிறகு இத்தனை வருடம் இங்கே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே படியுங்கள், மீறினால் திருப்பிக் கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்பதையும்.

சரி, கல்லூரியின் சொந்த நிதிக்கு வருவோம். பெரிய தொகைகள், அதுவும் படிப்பு முடியும்வரை நீடிக்கும் தொகைகள், பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே பரிசீலிக்கிறார்கள் என்றால் கூடுதல் வேலையும் அதிகமில்லை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மதிப்பெண், திறமை பார்த்துத் தருவது. இன்னொன்று குடும்பத்தின் பொருளாதார நிலை பார்த்துத் தருவது. அமெரிக்காவின் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மாதிரி இடங்களில் முதல் வகையே கிடையாது, தேவை பார்த்து மட்டும்தான் தருகிறார்கள். பிரின்ஸ்டன் 2001-இல் உதவித் தொகுப்பிலிருந்து கடனை எடுத்துவிட்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமாகவே தரத் தொடங்கியது. அப்படிப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர் "எனக்கு மார்க் அதிகம், அதனால் ஸ்காலர்ஷிப் தருவார்கள்" என்று நினைத்தால் கணக்குத் தப்பிவிடும். மார்க் சேர்க்கைக்கு உதவும், பணம் வருமானக் கணக்கை வைத்துத்தான் வரும்.

பணம் வேண்டும் என்று கேட்டால் அதுவே இடம் கிடைப்பதைக் கெடுக்குமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது கல்லூரியைப் பொறுத்தது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கும்கூட, பணத் தேவையைப் பார்க்காமல்தான் சேர்க்கையை முடிவு செய்கின்றன. வேறு பல இடங்களில் அதையும் கணக்கில் எடுப்பார்கள். இந்தக் கொள்கையைக் கல்லூரிகள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கும், கேட்டாலும் பதில் தருவார்கள். தெரியாமல் பயந்து உதவி கேட்காமல் விட்டுவிட்டு, இடம் கிடைத்த பிறகு கேட்டால் பல இடங்களில் அப்போது தரவே மாட்டார்கள். கேட்கவேண்டிய இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டு கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்துவிட்டது என்று வையுங்கள். ஒன்றின் மொத்தச் செலவு 100 பங்கு, அதில் 50 பங்கு ஸ்காலர்ஷிப். இன்னொன்றின் செலவு 60 பங்கு, ஸ்காலர்ஷிப் 20 பங்குதான். முதல் கடிதம் கண்ணைப் பறிக்கும், பாதிப் பணம் தருகிறார்களே என்று வீடே கொண்டாடும். ஆனால் கையிலிருந்து போவது முதல் இடத்தில் 50, இரண்டாவதில் 40. ஒப்பிடவேண்டியது இந்த மிச்சத்தைத்தான், விடுதி, உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்த்து. கடிதத்தில் "நிதி உதவி" என்ற ஒரே தலைப்பின் கீழ் மானியம், கடன், வளாக வேலை மூன்றையும் கூட்டிக் காட்டியிருந்தால், கடனையும் வேலையையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். கடன் என்பது நீங்களே பின்னால் கட்டப்போகும் பணம், அதை உதவிக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அப்புறம் நீடிப்பு. முதல் வருடம் மட்டுமா, நான்கு வருடமுமா? குறைந்தபட்ச மதிப்பெண் எவ்வளவு? ஒரு பருவம் சறுக்கினால் உடனே போய்விடுமா, சரிசெய்ய வாய்ப்பு தருவார்களா? கட்டணம் வருடாவருடம் ஏறும்போது ஸ்காலர்ஷிப் தொகை அப்படியே நிற்குமா, கூடவே ஏறுமா? இதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். "போன வருடம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடமும் வாங்குகிறார்கள்?" என்ற கேள்வியையும் தயங்காமல் கேட்கலாம். கடினமான பாடப்பிரிவில் சேருகிறவருக்கு, எட்டாத மதிப்பெண் நிபந்தனையோடு வரும் பெரிய தொகையைவிட, எளிதில் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய நடுத்தரத் தொகைதான் மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சின்னத் தொகைகளை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் நிறைய. ஆனால் போட்டியை யோசித்துப் பாருங்கள். உலகமே விண்ணப்பிக்கும் ஒன்றில் உங்களுக்கு இருக்கும் வாய்ப்பும், அப்பா வேலை செய்யும் நிறுவனம் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் தருவதில் இருக்கும் வாய்ப்பும் ஒன்றா? வட்டம் குறுக, வாய்ப்பு கூடுகிறது. பெற்றோரின் தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், பள்ளியின் முன்னாள் மாணவர் அமைப்பு, வழிபாட்டுத் தல அறக்கட்டளை, நீங்கள் படிக்கப்போகும் துறையின் தொழில்முறைச் சங்கம், இவற்றையெல்லாம் நேரில் போயோ போன் போட்டோ விசாரிக்க வேண்டும். தேடல் தளங்களில் இவை வராமலே போகலாம், தளத்தில் வருவதோ எல்லோர் கண்ணிலும் பட்டுவிடுகிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு துறை அலுவலகத்தில் இரண்டாம் வருட மாணவர்களுக்கென்று ஏதாவது பரிசுத்தொகை இருக்கிறதா என்று கேளுங்கள், அதைத் தேடிப்போகிறவர்கள் குறைவு.

சின்னதில் ஒரு சிக்கல் உண்டு, அது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. சில கல்லூரிகள், வெளியிலிருந்து உங்களுக்கு ஸ்காலர்ஷிப் வந்தால் தாங்கள் தரும் தொகையில் அதைக் கழித்துவிடும். இராப்பகலாக எழுதி வாங்கியதில் வீட்டுக்கு எந்த லாபமும் இருக்காது. கடன் பகுதியைக் குறைப்பார்களா, மானியத்தையே குறைப்பார்களா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். கடன் குறைந்தால் விண்ணப்பிப்பது லாபம்தான். மானியம் குறைகிறது என்றால், அந்த நேரத்தைப் படிப்பில் போடலாம்.

எழுத்து விஷயத்தில் இரண்டே இரண்டு ஒப்பீடுகள் சொல்கிறேன். பத்து இடத்துக்கும் ஒரே கட்டுரையை அனுப்புவதா, ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதுவதா? இரண்டும் வேண்டாம். உங்கள் வாழ்க்கையிலிருந்து நல்ல சம்பவங்கள் இரண்டு மூன்றை விரிவாக எழுதி வைத்துக்கொண்டு, தருகிறவர் எதற்காகத் தருகிறார் என்பதைப் பார்த்து முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்களைத் தெரியாத பெரிய மனிதரா, தினமும் வகுப்பில் பார்க்கும் ஆசிரியரா என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆசிரியரைத்தான் சொல்வேன். "இந்த மாணவி ஆய்வகத்தில் மூன்று முறை தோற்ற சோதனையை நான்காவது முறை தானே மாற்றி அமைத்தாள்" என்று எழுத அவரால்தான் முடியும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள், கூடவே நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

"ஸ்காலர்ஷிப் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று கேட்கும் எதையும் ஒப்பிடவே வேண்டாம், விட்டுவிடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத ஒன்றில் ஜெயித்துவிட்டதாக வரும் செய்தியும் அப்படித்தான்.

கிடைத்துவிட்டதென்றால் அன்றைக்கே புதுப்பித்தல் தேதியைக் குறித்து வையுங்கள். மதிப்பெண் எல்லாம் சரியாக இருந்தும், இரண்டாம் வருடப் படிவத்தைச் சமர்ப்பிக்க மறந்ததாலேயே தொகையை இழக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். தேதி, தேவைப்படும் சான்றிதழ்கள், அலுவலகத் தொடர்பு எண் மூன்றும் உங்களிடமும் வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.