கம்பளை தோட்டத் தொழிலாளர் நூதனசாலை: மாணவர் குழுவோடு போகிறவர்களுக்கு

எங்கள் பேராதனைத் துறையோடு கைகோத்திருக்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாணவர்கள் கல்விப் பயணமாக வந்திருந்தார்கள். கூட்டித் திரிகிற வேலை என் தலையில். தலதா மாளிகை, தாவரவியல் பூங்கா எல்லாம் வழக்கம்போல. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையும் நன்றாகத்தான் இருந்தது. 1925இல் கட்டிய தொழிற்சாலை, பழைய இயந்திரங்கள், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஊர் திரும்பும்வரை பேசியது, கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகாக் தோட்டத்தில் இருக்கும் தொழிலாளர் நூதனசாலையைப் பற்றித்தான்.

தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தையே நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி, 2007இல் திறந்தது. பளபளப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீட்டுச் சாமான், தோட்டத்து ஆயுதங்கள், இசைக் கருவிகள், பழைய ஆவணங்கள், அவ்வளவுதான். எங்களுக்கு அதுவே நிறைய.

கூடலூரிலிருந்து வந்த ஒரு தங்கச்சி காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள் நின்று, "அண்ணா, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டாள். பெரியப்பா கல்யாணம் முடித்தபோது அம்மாயி நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக் கொடுத்த கதையைச் சொன்னேன். சேலைக்கு இந்தப் பக்கம் ஆறு பேர், அடுப்பும் இந்தப் பக்கம்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய பாட்டி பிறந்தது நுவரெலியாவில் ஒரு தோட்டமாம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் அந்தக் குடும்பமும் ஒன்று. சட்டப் புத்தகத்தில் அந்த எண்ணை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதன் பேத்தி பக்கத்தில் நின்று போன் எடுத்து வீட்டுக்கு வீடியோ கோல் போடுவாள் என்று யார் கண்டது! அப்புறம் பாட்டி அங்கிருந்தே ஒவ்வொரு சாமானுக்கும் விளக்கம் சொல்ல, எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

கூட வந்த பேராசிரியர், "இதை முதல் நாளே காட்டியிருக்கலாமே, தம்பி" என்றார். சரிதான். 1948இல் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பறிபோன கதை தெரிந்தபின் ஹந்தானை இயந்திரங்களைப் பார்த்தால் கேள்விகளே வேறு மாதிரி வரும்.

குறை சொல்வதென்றால் நாங்கள் பிடித்த வேனைத்தான் சொல்ல வேண்டும். ஏசி என்று காசு வாங்கினார்கள், ஏற்றத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். காம்பராக்கள் சின்னவை, ஆகவே குழுவை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். போகுமுன் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், விளக்கம் சொல்ல ஆள் இருந்தால்தான் ருசி. சாப்பாட்டைக் கம்பளை டவுனிலேயே முடித்துக்கொள்வது நல்லது.