லோ கார்ப் சப்பாத்தி மாவு: அரை கிலோ பாக்கெட்டும் அடங்காத நாக்கும்

சோறு, இட்லி, தோசையை விட்டுவிட்டு லோ கார்புக்கு, அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிற முறைக்கு மாறியவுடன் போனைத் திறந்தாலே இந்த மாவு விளம்பரம்தான். "சப்பாத்தியை விடவே வேண்டாம்" என்று சொன்னால் யாருக்குத்தான் கை நிற்கும், வாங்கிவிட்டேன். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. ஆன்லைனில் கிடைக்கிற இந்த ரக மாவுகளின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் ஒரே சரக்குதான்: கோதுமையிலிருந்து பிரித்த குளூட்டன் (மாவுக்கு இழுவை தருகிற புரதம்), சோயா மாவு, பாதாம் மாவு, ஆளிவிதை, இசப்கோல் உமி, கொஞ்சம் எள். அரை கிலோ 300 ரூபாய்க்கு மேல். சாதாரண கோதுமை மாவோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு விலை, அதைத் தெரிந்துகொண்டுதான் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும்.

முதலில் லேபிள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் "ஒரு சப்பாத்தியில் 2 கிராம் நெட் கார்ப்". அதாவது மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்த மிச்சம். சரி, எவ்வளவு பெரிய சப்பாத்தி? பின்பக்கம் பொடி எழுத்தில் 20 கிராம் மாவு என்று இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு சப்பாத்திக்கு 35 கிராமாவது உருட்டுவோம், ஆக 2 என்பது மூன்றரை ஆகிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும் லாபம்தான். சாதாரண கோதுமை மாவில் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, அதே அளவு சப்பாத்தியில் நாரைக் கழித்த பிறகும் 20 கிராம் உள்ளே போய்விடும். கணக்கில் பொய் இல்லை, அளவில்தான் சாமர்த்தியம்.

பிசைவது தனிக் கலை. வெந்நீர் ஊற்ற வேண்டும், பிசையும்போது தளர்வாக இருக்கிறதே என்று பயந்து இன்னும் மாவு போடக் கூடாது. இசப்கோல் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், இருபது நிமிடம் மூடி வைத்தால் தானாக இறுகிவிடும். அப்புறம் தேய்க்கிற கட்டம். அத்தனையும் குளூட்டன் என்பதால் கட்டையை எடுத்த மறு நொடி வட்டம் உள்ளே சுருங்கிப் பழைய அளவுக்கே வந்து நிற்கும். எல்லா உருண்டையையும் முதலில் பாதி அளவுக்குத் தேய்த்து வரிசையாகப் போட்டுவிட்டு, முதல் உருண்டைக்குத் திரும்பி வந்தால் அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வெட்டிய பால் கவருக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் இன்னும் சுலபம். கல்லில் போட்டதும் சோயாவின் பச்சை வாடை அடிக்கும், நன்றாகப் பொட்டு விழும்வரை சுட்டு நெய் தடவினால் போய்விடும்.

சூடாக, கோழிக் குழம்போடு சாப்பிட்டால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது, சொல்லாமல் கொடுத்தால் பாதிப்பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆறினால் செருப்புத் தோல். டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். பூரி எதிர்பாராத விதமாக அருமை, நன்றாக உப்புகிறது. உள்ளே வந்த ரெசிபி அட்டையில் தோசை என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். புளிப்பு இல்லை, முறுகல் இல்லை, அதைத் தோசை என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

இதெல்லாம் மாவைப் பற்றி. ஆனால் இதை வாங்குகிறவர்கள் வாங்குவது மாவுக்காக இல்லை, நாக்கை அடக்குவதற்காக. அதில்தான் எனக்குக் குறை. சப்பாத்தி தனியாக வருவதில்லை. தட்டில் விழுந்ததும் உருளைக்கிழங்கு குருமாவைக் கேட்கும், அதற்குப் பிறகு இரண்டு வாய் தயிர்சோற்றைக் கேட்கும். விட வேண்டிய பழக்கத்துக்கு இந்த மாவு தினமும் ஞாபகமூட்டுகிறது என்பதுதான் என் அனுபவம். ஆரம்ப நாட்களில் தொடாமலே இருப்பது நல்லது.

அந்த ஆரம்ப நாட்களின் தலைவலி, சோர்வு, ஏதாவது தின்றால் தேவலை என்கிற தவிப்பு, இதில் பாதி பசியே இல்லை, உப்புக் குறைவு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிற வடிவம் கிளைக்கோஜன், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருப்பதால், முதல் வாரம் எடை மெஷின் காட்டுகிற சந்தோஷத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர், இல்லை ஆட்டுக்கால் சூப் குடித்துப் பார்க்கலாம். எனக்கு அரை மணியில் தவிப்பு அடங்கியது.

மிச்சப் பாதி உண்மையான ஆசை. ஆனால் அது சோற்றின் மேல் இருப்பதைவிடத் தாளிப்பின் மேலும் புளிப்பின் மேலும் மொறுமொறுப்பின் மேலும்தான் அதிகம். காலிஃப்ளவரைத் துருவி, ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டிக் கடைசிச் சொட்டுவரை பிழிந்து, கெட்டித் தயிர் ஊற்றி, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். இரவு ஒன்பது மணித் தயிர்சோற்று ஏக்கம் போய்விடும். பிழியாமல் செய்தால் கண்றாவியாக இருக்கும். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து, காலிஃப்ளவரில் 5. நாலு மணி பஜ்ஜி ஏக்கத்துக்கு நெத்திலிக் கருவாட்டை வறுத்து டீயோடு வைத்துக்கொண்டேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. பேலியோ என்கிற லோ கார்ப் டயட்காரர்கள் சொல்கிற 100 பாதாம் ஒரு வேளை உணவாகச் சரி, அதுவே ஏறக்குறைய 700 கலோரி. டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொறிக்கிற பொருள் அல்ல.

பார்சலில் இலவசமாக வந்த "சுகர் ஃப்ரீ" லட்டில் மால்டிட்டால் என்கிற இனிப்பூட்டி இருந்தது. அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், வயிற்றையும் கலக்கும். குப்பைக்குப் போனது.

வாங்கும்முன் இரண்டு விஷயம். லோ கார்ப் என்றால் குளூட்டன் இல்லாதது என்று சிலர் நினைக்கிறார்கள், இது நேர் எதிர், குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கமே போகக் கூடாது. அடுத்து, இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுக்கிற சர்க்கரை நோயாளிகள் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறுகிற வேறு ஆபத்து உண்டு. டாக்டரிடம் கேட்டு மருந்து அளவைச் சரிசெய்யாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். இரவு சப்பாத்தி இல்லாவிட்டால் சண்டை வருகிற வீட்டுக்கும், டயட் படிந்துபோய் எப்போதாவது பூரி ஆசை வருகிறவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். வாங்கினால் சின்ன பாக்கெட்டாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆளிவிதையும் பாதாமும் இருப்பதால் வெளியே வைத்தால் நம் வெயிலுக்குச் சிக்கு வாடை வந்துவிடும். நான் மறுபடி ஆர்டர் போடவில்லை, அந்தக் காசுக்கு மூன்று டஜன் முட்டை வருகிறது.