பேட்டர்சன் பெரு நாட்டுக் கடை: கோழி அப்படியே இருக்கிறது, பச்சைச் சாஸ் போய்விட்டது

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நண்பர் ஒருவர், "நீங்க அடிக்கடி போவீங்களே, அந்தப் பெரு நாட்டுக் கடைக்குக் குடும்பத்தோட போகலாமா?" என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் "போங்க" என்று சொல்லியிருப்பேன்.

நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் பெரு நாட்டவர்கள் நிறைய. மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கத்தை, பெருவின் தலைநகர் பெயரை வைத்துக் குட்டி லிமா என்றே சொல்வார்கள். இந்தக் கடையும் அங்கேதான். மேஜைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் கால்பந்து ஓடும் டிவி, வெளியே நிற்கும்போதே கரி அடுப்பின் வாசனை. பல வருஷப் பழக்கம்.

கோழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போயோ ஆ லா பிராசா, அதாவது கம்பியில் கோத்து, கரித்தணலில் சுழற்றிச் சுட்ட முழுக்கோழி. 1950 வாக்கில் லிமாவுக்கு வெளியே சாந்தா கிளாராவில் ரோஜர் ஷூலர் என்ற சுவிஸ்காரர் தொடங்கிவைத்தது. முதலில் உப்பு மட்டும்தான் தடவினார்கள் என்பார்கள். சீரகம், பூண்டு, சோயா சாஸ் எல்லாம் பின்னால் சேர்ந்தவை. இந்தக் கடையில் மசாலா எலும்பு வரை இறங்கியிருக்கும், தோல் மொறுமொறுவென்று இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் கோழிக்கு உயிர் கொடுப்பது கூட வரும் பச்சைச் சாஸ். அதில் வாக்கத்தாய் என்ற கீரை சேர வேண்டும். நம் ஊர் செண்டுமல்லிக்குச் சொந்தக்காரச் செடி, ஆண்டிஸ் மலைப்பக்கத்தில் விளைவது. புதினா மாதிரியும் இல்லாமல் துளசி மாதிரியும் இல்லாமல் தனியாக ஒரு மணம். இங்கே பச்சையாகக் கிடைப்பது கஷ்டம்; உறையவைத்தோ பாட்டிலில் அரைத்தோதான் வரும். முன்பு மேஜைக்கு ஒரு பாட்டில் நிறைய சாஸ் வைப்பார்கள். நெஞ்சுக்கறி, பொரித்த உருளைக்கிழங்கு, சோறு எல்லாவற்றின் மேலும் ஊற்றிக்கொள்ளலாம்.

இப்போது பாட்டில் போய், மூடி போட்ட சின்னக் கப் வந்துவிட்டது. கூடுதலாகக் கேட்டால் கப்புக்குக் காசு. சரி, விலைவாசி ஏறிவிட்டது, அது நியாயம்தான். கோழி விலையை அவர்கள் பெரிதாக ஏற்றவில்லை, எங்கேயாவது பிடித்தாக வேண்டும். ஆனால் சாஸில் வாக்கத்தாயே இல்லை! மயோனைஸில் கொத்தமல்லித் தழையையும் ஹலபீனோ மிளகாயையும் அரைத்து ஊற்றியிருக்கிறார்கள். கவுன்டரில் கேட்டால், "எப்பவும் போடுறதுதான்" என்கிறார்கள். பல வருஷமாகச் சாப்பிடுகிறவனிடம் அப்படிச் சொல்லலாமா? செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லியிருந்தால் பேசாமல் வந்திருப்பேன். உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்திருந்தால்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. லோமோ சல்தாதோவில் மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி மூன்றையும் பெருந்தீயில் சோயா சாஸோடு புரட்டுகிறார்கள். பெருவுக்குக் குடியேறிய சீனர்களின் கைவண்ணம் அது. ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்து எடுக்கும் சிச்சா மொராதா என்ற பானத்தை இன்னும் கடையிலேயே போடுகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் மஞ்சள் மிளகாயும் அரைத்து ஊற்றிய உருளைக்கிழங்கு உண்டு; மேலே முட்டை வைப்பார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நியூ ஜெர்சியில் நான் சாப்பிட்டதில் இதைவிட நல்ல கோழி இல்லை. அப்படியும் நண்பரிடம் "இப்போதைக்கு வேண்டாம்" என்றுதான் சொன்னேன். அதே தெருவில் சற்றுத் தள்ளி இன்னொரு கடை இருக்கிறது. அங்கே கோழி கொஞ்சம் வறண்டுதான் வரும், உட்கார இடமும் குறைவு. ஆனால் மேஜைமேல் பாட்டில் இருக்கிறது, சாஸில் வாக்கத்தாய் மணக்கிறது. நான் இப்போது அங்கேதான் போகிறேன்.