ஆறாம் நிலை ஆங்கிலத் தேர்வுக் கைடு: வினாத்தாள்களுக்காக வாங்குங்கள், குறுக்குவழிகளுக்காக வேண்டாம்

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் உள்ள குன்மிங் நகரின் தெற்கே, செங்கோங் பகுதியில் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்கள் வளாகத்தின் பின்வாசல் தெருவில், அரிசி நூடுல்ஸ் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் உள்ள புத்தகக் கடையில் 2024 செப்டம்பரில் இந்த வினாத்தாள் தொகுப்பை 42 யுவானுக்கு வாங்கினேன். நான் இங்கே கற்பிப்பது தமிழ். ஆனால் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவள் என்பது தெரிந்ததும், தமிழ் வகுப்பு மாணவிகள் நான்கு பேர் மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். டிசம்பரில் அவர்களுக்கு 'லியூஜி'. சீனக் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் ஆறாம் நிலையை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மூன்று மாதம் அவர்களோடு உட்கார்ந்து இந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பயன்படுத்தினேன். சீனாவில் பணிபுரியும் தமிழ் ஆசிரியர்கள் இருவர் எந்தக் கைடு நல்லது என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

தேர்வு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்காம் நிலை 1987-இல் தொடங்கியது, ஆறாம் நிலை 1989-இல். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. மொத்தம் 710 மதிப்பெண். நான்காம் நிலையில் 425 எடுத்தால்தான் ஆறுக்குப் பதிவு செய்யலாம். கேட்டலுக்கு 35 விழுக்காடு, வாசிப்புக்கு 35 விழுக்காடு. எஞ்சியது கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும். ஆக, காதும் கண்ணும்தான் முக்கால்வாசித் தேர்வு.

தொகுப்பின் அட்டையில் 30 வினாத்தாள்கள் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து மேசையைப் பார்த்து எழுதக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு பருவத்திலும் மூன்று விதமான தாள்கள் கொடுப்பார்கள். பத்துப் பருவங்கள், முப்பது தாள்கள், கணக்கு சரிதான். ஆனால் மூன்றாம் தாளைத் திறந்தால் கேட்டல் பகுதி இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: கேட்டல் இரண்டாம் தாளில் உள்ளதே. அதாவது கேட்டல் ஒலிப்பதிவு இருபதுதான். இதை அட்டையிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்று நான் போட்டிருந்த திட்டத்தை நவம்பரில் மாற்ற வேண்டியதாயிற்று.

மற்றபடி தாள்களின் அச்சு தெளிவாக இருக்கிறது. கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் ஒலிப்பதிவு ஓடுகிறது. விளம்பரம் எதுவும் குறுக்கே வரவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகத் தட்டித் தட்டித் திரும்பக் கேட்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே 42 யுவான் கொடுக்கலாம். விடை விளக்கப் புத்தகத்தில் நீளமான வாக்கியங்களைப் பிரித்து, எழுவாய் எது, வினை எது, எந்தத் தொடர் எந்தச் சொல்லோடு போகிறது என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடுகளைப் போட்டவர் நல்ல ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது முதல் 28 பக்கங்களைப் பார்த்துத்தான். தலைப்பு 'மதிப்பெண் பெறும் நுட்பங்கள்'. இதைப் புரிந்துகொள்ள, கேட்டல் பகுதி எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு நீண்ட உரையாடல்கள், இரண்டு பத்திகள், பிறகு மூன்று விரிவுரைத் துண்டுகள். எல்லாம் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். கேள்விகள் தாளில் இருக்காது, அவையும் காதில்தான் வரும். தாளில் இருப்பவை ஒவ்வொரு கேள்விக்கும் தேர்ந்தெடுக்க நான்கு நான்கு விடைகள் மட்டும். மாணவர்கள் ஒலி வருவதற்கு முன்பே அந்த விடைகளை வெறித்துப் படித்து, என்ன கேட்கப்போகிறார்கள் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கைடு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. காதில் விழுந்த சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடு, 'பட்', அதாவது 'ஆனால்', என்று கேட்டால் விழித்துக்கொள், மற்ற இடங்களில் மூச்சு வாங்கிக்கொள் என்கிறது. மூச்சு வாங்கிக்கொள்வதா? இன்னும் இரண்டு ஆண்டில் இந்தப் பிள்ளைகள் ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து நாற்பது நிமிட உரையைக் கேட்க வேண்டும்.

ஓர் இரவு சோதித்துப் பார்த்தேன். ஒரு தாளின் விரிவுரைப் பகுதியை எடுத்து, ஒலியே போடாமல், விடைகளை மட்டும் காட்டி ஊகிக்கச் சொன்னேன். ஒரு மாணவி பத்தில் ஐந்து சரியாகச் சொன்னாள். பிறகு விடைகளை மூடிவைத்துவிட்டு, ஒலியை மட்டும் போட்டு, பேசியவர் என்ன சொன்னார் என்று சீனத்திலேயே சொல்லச் சொன்னேன். எதைப் பற்றிய பேச்சு என்பதை நால்வரும் சொன்னார்கள். அந்தப் பேச்சாளர் எதை மறுத்தார், ஏன் மறுத்தார் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து சரியாகச் சொன்னவளுக்கும் தெரியவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. அன்றைக்கே அந்த 28 பக்கங்களையும் என் பிரதியிலிருந்து கிழித்தெடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு விரிவுரையையும் முதலில் விடைகளைப் பார்க்காமல் கேட்பது, சீனத்தில் ஐந்து வரி எழுதுவது, அப்புறம்தான் விடைகளைத் திறப்பது என்று வைத்துக்கொண்டோம்.

விரிவுரைகளில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கனம் அங்கேதான் இருக்கிறது. விரிவுரைகளின் பத்துக் கேள்விகளுக்கு 142 மதிப்பெண், வாசிப்பில் ஆழ்ந்து படிக்கும் இரண்டு பத்திகளின் பத்துக் கேள்விகளுக்கு இன்னொரு 142. இருபதே கேள்விகளில் 710-இல் 40 விழுக்காடு போய்விடுகிறது. தேர்வை அமைத்தவர்கள் இந்த இடத்தில் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்கள். உயர்நிலை ஆங்கிலம் என்பது ஒரு வாதத்தைக் கடைசி வரை பின்தொடர்வதுதான். கைடு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் விதமோ இதற்குத் தலைகீழ். பதினைந்து சொற்களிலிருந்து பத்து இடங்களை நிரப்பும் பகுதிக்கு வெறும் 5 விழுக்காடு. அதற்கு ஒன்பது பக்க நுட்பம் எழுதியிருக்கிறார்கள்.

சீனம் பேசுபவர்களுக்கு ஆங்கிலம் காதில் எங்கே தடுக்குகிறது என்பதைப் பற்றி இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. எங்கள் அறையில் தடுக்கிய இடங்களைச் சொல்கிறேன். முதலாவது எண்கள். ஒலிப்பதிவில் மூன்று லட்சத்து ஐம்பதாயிரத்தை ஆங்கிலத்தில் 'த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவ்சண்ட்' என்று சொன்னால், நால்வரின் பேனாவும் நின்றுவிடும். சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச்சொல் உண்டு. அந்த எண் அவர்களுக்கு முப்பத்தைந்து வான். நமக்கு மூன்றரை லட்சம் என்று மனம் மாற்றிக்கொள்வதைப் போலத்தான். ஆனால் அவர்கள் மாற்றி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது. தினமும் பத்து எண்களைச் சொல்லி, மாற்றாமல் கேட்டபடியே இலக்கத்தில் எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் பிடிபட்டது. இரண்டாவது, அவன், அவள். சீனப் பேச்சில் இரண்டுக்கும் 'தா' தான். உரையாடலில் மூன்றாம் ஆள் ஒருவர் வந்தால், அது ஆணா பெண்ணா என்பதை அவர்கள் காது பிடித்துவைப்பதில்லை.

வாசிப்பில் நடந்த ஒன்றை நான் மறக்கமாட்டேன். ஆழ்ந்து படிக்கும் பத்தியில் நாற்பது சொற்களுக்கு மேல் ஓடிய ஒரு வாக்கியம். பெயர் முதலில் வந்துவிட்டது. அதை விளக்கும் தொடர் பின்னால் நீண்டுகொண்டே போனது. முக்கியமான வினை எங்கேயோ கடைசியில். சீனத்தில் விளக்கும் தொடர் பெயருக்கு முன்னால்தான் வரும், 'த' என்ற ஒட்டோடு. நான் பலகையில் 'நேற்று வந்த மாணவி' என்று தமிழில் எழுதினேன். அதன் கீழே அவர்களில் ஒருத்தி அதையே சீனத்தில் எழுதினாள்: நேற்று, வா, 'த', மாணவி. சொல்லுக்குச் சொல் அதே வரிசை! பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன், மாணவி முதலில், நேற்று கடைசியில். நால்வரும் சற்று நேரம் பலகையையே பார்த்தார்கள். “ஆசிரியரே, தமிழில் வாசிப்பது போல ஆங்கிலத்தைத் திருப்பி வாசித்தால் சீனம் வருகிறது” என்றாள் ஒருத்தி, நல்ல தமிழில். கைடு கோடு போட்டுப் பிரித்திருந்த வாக்கியங்களை அன்றிலிருந்து தமிழ்ப் பெயரெச்சமாக மாற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. தமிழ் வகுப்புக்கும் அது உதவியது.

நீண்ட கட்டுரையில் பத்து வாக்கியங்களை உரிய பத்திகளோடு பொருத்தும் பகுதிக்குக் கைடு சொல்லும் வழி எனக்கும் சரியாகவே பட்டது. வாக்கியங்களை முதலில் படி, எண்ணையும் ஊர்ப்பெயரையும் அடையாளமாக வைத்துக்கொண்டு தேடு என்கிறது. செய்தித்தாள் படிப்பவர் எவரும் செய்வதுதான். வாசிப்பின் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 40 நிமிடம்தான் என்பதால் இதில் தப்பில்லை.

ஒலிப்பதிவுகளைப் பற்றிப் பெரிய குறை ஒன்று உண்டு. அது கைடின் குறை அல்ல, தேர்வின் குறை. எல்லாக் குரலும் துல்லியமான, ஸ்டூடியோவில் பதிவான குரல்கள். இடையில் ஒரு தயக்கம், ஒரு திருத்தம், பின்னணியில் ஒரு நாற்காலிச் சத்தம் கூட இருக்காது. யுன்னான் மாநிலத்துக்கு மியான்மரும் லாவோஸும் வியட்நாமும் எல்லை. இந்த மாணவிகள் ஆங்கிலம் பேசப்போவது பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களோடுதான். என் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வார உழைப்பை இந்தத் தேர்வில் அளக்க இடமில்லை.

தேர்வு 2024 டிசம்பர் 14, பிற்பகல் 3 மணி. முடிவு பிப்ரவரி இறுதியில் வந்தது. மூவர் 425-ஐத் தாண்டினார்கள். நான்காவது மாணவிக்கு 409. எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டல் நடுவில் ஹெட்போனில் இரைச்சல் வந்துவிட்டது என்றாள். எங்கள் வளாகத்தில் ஒலியை வானொலி அலைவரிசையில் அனுப்புகிறார்கள். மாணவர்கள் அந்த அலைவரிசைக்குத் திருப்பிவைக்கும் ஹெட்போனைத் தாங்களே கொண்டுவர வேண்டும். அவள் வைத்திருந்தது இந்தப் புத்தகத்தோடு அந்தக் கடையில் 15 யுவானுக்குச் சேர்த்துக் கொடுத்தது. தொகுப்பை வாங்குங்கள், கூடவே தரும் ஹெட்போனை வாங்காதீர்கள். தனியாக நல்லதாக ஒன்று வாங்கி, தேர்வுக்கு முன்பு வளாகத்தில் நடக்கும் சோதனை ஒலிபரப்பில் முழு அரை மணி நேரமும் போட்டுக் கேளுங்கள், புது பேட்டரியோடு. அடுத்த ஜூன் தேர்வுக்கு அவள் மீண்டும் பதிந்தாள். கிழித்த பக்கங்கள் இல்லாத என் பிரதி அவள் மேசைக்குப் போனது.