மூடிய ஃபுட்பால் அணியைத் திறப்பதா, விட்டுவிடுவதா? டல்லாஸ், பர்மிங்ஹாம், விச்சிட்டா, ஐடஹோ: ஓர் ஒப்பீடு

13 ஆட்டக்காரர்கள், மொத்தம் 61,000 டாலர். டல்லாஸில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின், சுருக்கமாக எஸ்எம்யூவின், ஃபுட்பால் அணிக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 1987 பிப்ரவரியில் ‘மரண தண்டனை’, அதாவது ஆடவே கூடாது என்ற தடை, கொடுக்கக் காரணமான தொகை இவ்வளவுதான். பணக்கார ஆதரவாளர் ஒருவர் கொடுத்த ரகசிய நிதியிலிருந்து மாணவர்களுக்கு மாதாமாதம் பணம் போயிருக்கிறது. அதுவும், ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டு தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த நேரத்தில். 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை ரசீது போட்டே கொடுக்கலாம். எஸ்எம்யூ முதல் வரிசைக் கான்ஃபரன்ஸ் ஒன்றில் மறுபடி காலெடுத்து வைத்தது 2024இல். இடையில் ஒரு தலைமுறையே போய்விட்டது.

இங்கே பேசுவது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் குழுக்களாகச் சேர்ந்து அதை ஆடுகின்றன. யாரோடு யார் ஆடுவது, டிவி உரிமையை யாருக்கு விற்பது, வந்த பணத்தை எப்படிப் பங்கு போடுவது எல்லாம் கான்ஃபரன்ஸ் கையில். ஐரோப்பியக் கால்பந்தில் ஜெயித்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. மேலே இருப்பவர்கள் கூப்பிட வேண்டும். அவர்களும் ஸ்கோரை மட்டும் பார்த்துக் கூப்பிடுவதில்லை; ஊர் எவ்வளவு பெரியது, டிவி கம்பெனி என்ன சொல்கிறது, நன்கொடையாளர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று எல்லாவற்றையும் எடைபோடுவார்கள்.

அதனால், மூடிய அணியைத் திறக்க நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு இரண்டே கேள்விகள்தான் உண்மையில் முக்கியம். எந்தக் கான்ஃபரன்ஸ் சேர்த்துக்கொள்ளும்? பட்ஜெட்டில் விழும் துண்டை யார் கட்டுவார்கள்? இந்த இரண்டையும் வைத்து நான்கு பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம்.

முதலில் எஸ்எம்யூ. 1982இல் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் முடித்த அணி. தண்டனையின்படி 1987 சீசன் முழுக்க ரத்து. 1988இல் வெளியூர் ஆட்டங்களை மட்டும் ஆடலாம் என்றார்கள். அதை எஸ்எம்யூவே வேண்டாமென்று விட்டுவிட்டது. இருந்த ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொள்ள மற்ற பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் டல்லாஸுக்குப் படையெடுத்தார்கள். 1989இல் பழைய மாணவரும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஜாம்பவானுமான ஃபாரஸ்ட் கிரெக் பயிற்சியாளராக வந்து, பெரும்பாலும் முதலாண்டுப் பையன்களை வைத்து ஆடினார். இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி. ஹூஸ்டனிடம் 95-21 என்று தோற்றதும் அந்த வருஷம்தான்.

ஆனால் அந்த 95-21ஐவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. எஸ்எம்யூ இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து ஆர்கன்சா கிளம்பியது. 1996இல் டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பேய்லர் நான்கும் பிக் 12 கான்ஃபரன்ஸுக்குப் போய்விட, கான்ஃபரன்ஸே கலைந்துபோனது. மிச்சமிருந்தவர்களில் எஸ்எம்யூவும் ஒன்று. அணி நல்ல நிலையில் இருந்திருந்தால் அந்த நால்வர் பட்டியலில் அதன் பெயர் இருந்திருக்குமா என்பதை டல்லாஸ்காரர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். நடந்தது என்னவோ இதுதான்: டபிள்யூஏசி, 2005இல் கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ, 2013இல் அமெரிக்கன் அத்லெடிக் (சுருக்கமாக அமெரிக்கன்) என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. 1984க்குப் பிறகு அடுத்த ‘பௌல்’ ஆட்டம், அதாவது நன்றாக ஆடிய அணிகளுக்கு சீசன் கடைசியில் கிடைக்கும் கூடுதல் ஆட்டம், 2009 கடைசியில்தான் கிடைத்தது.

2023 செப்டம்பர் 1 அன்று ஏசிசி கான்ஃபரன்ஸ் ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா ஆகியவற்றோடு எஸ்எம்யூவையும் சேர்த்துக்கொண்டது. நிபந்தனைதான் விசித்திரம். ஒன்பது வருஷத்துக்கு ஏசிசியின் டிவி பணத்தில் எஸ்எம்யூவுக்குப் பங்கில்லை. பந்தியில் உட்காரலாம், இலை போட மாட்டோம் என்பது போல. எஸ்எம்யூ சரி என்றது. அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் ஆதரவாளர்கள் 10 கோடி டாலர் கொட்டினார்கள். முதல் வருஷமே கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் எட்டிலும் வெற்றி. இறுதிப் போட்டியில் 16 வினாடி இருக்கும்போது 31-31 என்று சமன் செய்து, கிளெம்சன் அடித்த 56 கெஜ ஃபீல்டு கோலில் தோற்றார்கள். அப்படியும் 12 அணிகளுக்கான தேசிய பிளேஆஃபில் இடம் கிடைத்தது. பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று உதை வாங்கித் திரும்பினார்கள் என்பது வேறு கதை.

அடுத்து பர்மிங்ஹாம். எனக்கு இந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும். யூஏபி என்றழைக்கப்படும் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் கிளை, 2014 டிசம்பர் 2 அன்று ஃபுட்பால் அணியை மூடியது. இங்கே ஊழல் இல்லை, விதிமீறல் இல்லை. சொல்லப்போனால், பில் கிளார்க் பயிற்சியாளராக வந்த முதல் வருஷத்தில் அணி 6-6 (ஆறு வெற்றி, ஆறு தோல்வி) எடுத்து, பௌல் ஆட தகுதியோடு இருந்தது. காரணம் பணம் என்றார் பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ். போட்டி போடும் தரத்தில் அணியை வைத்திருக்க ஐந்து வருஷத்தில் இன்னும் 4 கோடியே 90 லட்சம் டாலர் தேவைப்படும் என்று ஓர் ஆலோசனை நிறுவனம் கணக்குக் கொடுத்திருந்தது. அந்தக் கணக்கை ஆட்டக்காரர்கள் முன்னால் அவர் சொன்ன கூட்டத்தின் வீடியோ வெளியே வந்தது. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து படித்த மூத்த மாணவர் ஒருவர் எழுந்து நின்று, இந்தப் பையன்களுக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்ற தொனியில் கேட்கிறார். தலைவரிடம் எண்கள் இருந்தன, பதில் இல்லை. அந்த வீடியோவுக்குப் பிறகு ஊரே ஒரு பக்கம் திரும்பிவிட்டது.

பர்மிங்ஹாம்காரர்களுக்கு ஒரு பழைய மனக்குறையும் உண்டு. யூஏபியை ஆளும் வாரியமும், டஸ்கலூசாவில் இருக்கும் பெரிய அலபாமாவை ஆளும் வாரியமும் ஒன்றுதான். 2011இல் யூஏபி வளாகத்திலேயே ஸ்டேடியம் கட்டும் திட்டம் அந்த வாரியத்தில் நகராமல் போனது. அண்ணன் தம்பியை வளரவிட மாட்டான் என்ற சந்தேகம் அணி மூடப்பட்டதும் கோபமாக மாறியது.

கோபம் மட்டும் அணியைத் திறந்துவிடாது. நெருக்கடி கொடுத்தது கான்ஃபரன்ஸ் விதி. கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏவில் இருக்கவேண்டுமானால் ஃபுட்பால் ஆடியாக வேண்டும். ஃபுட்பால் போனால் பேஸ்கட்பால் உட்பட மற்ற எல்லா விளையாட்டுக்கும் புது வீடு தேடவேண்டும். மூடும்போது போட்ட கணக்கில் இந்தச் செலவு சரியாக எடைபோடப்பட்டதா என்பதுதான் சண்டையின் மையம். பொருளாதார நிபுணர்கள் செய்த இன்னொரு ஆய்வு, அணியால் பெரிய நஷ்டம் இல்லை என்று சொன்னது. கம்பெனிகள், பழைய மாணவர்கள், மாணவர் அமைப்பு, மாநகராட்சி மன்றம் எல்லாரும் கை கொடுத்தார்கள். அடுத்த ஐந்து வருஷத்தில் விழும் என்று கணித்த 1 கோடியே 72 லட்சம் டாலர் துண்டுக்கு வாக்குறுதி கிடைத்த பிறகு, 2015 ஜூன் 1 அன்று வாட்ஸே மறுதிறப்பை அறிவித்தார்.

கவனிக்கவேண்டியது அடுத்த முடிவு. உடனே ஆட இறங்கவில்லை. 2015, 2016 இரண்டு சீசனும் ஆட்டமே இல்லை. கிளார்க் வேறு வேலைக்குப் போகாமல் அங்கேயே இருந்தார். ஜூனியர் காலேஜ்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து, ஒரு முழு இலையுதிர் காலம் அவர்களுக்குள்ளேயே மோதவிட்டுப் பயிற்சி கொடுத்தார். புதிய பயிற்சிக் கட்டடம் எழும்பியது. 2017 செப்டம்பரில் லீஜன் ஃபீல்டு ஸ்டேடியத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 45,212 பேர் வந்தார்கள். அந்த வருஷம் 8-5. அடுத்த வருஷம் 11-3, கான்ஃபரன்ஸ் சாம்பியன், வரலாற்றில் முதல் பௌல் வெற்றி. 2020இல் மறுபடி சாம்பியன். 2021இல் நகர மையத்தில் புது ஸ்டேடியம். எஸ்எம்யூவுக்குத் தண்டனைக்குப் பிந்திய முதல் இருபது வருஷத்தில் வெற்றிக் கணக்கு மேலோங்கிய சீசன் ஒன்றே ஒன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, அப்போ யூஏபிதான் ஜெயித்ததா? மீட்டெடுத்த விதத்தில், ஆமாம். பணத்தை எழுதி வாங்கிய பிறகு திறந்தார்கள், அவசரப்படவில்லை, நல்ல பயிற்சியாளரை விடவில்லை. எஸ்எம்யூவுக்கு இந்த மூன்றில் எதுவும் அமையவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தை வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி கான்ஃபரன்ஸுக்குத் தாவ, பிக் 12 காலியிடத்துக்கு ஹூஸ்டன், சின்சினாட்டி, சென்ட்ரல் ஃப்ளோரிடாவை இழுக்க, அவை விட்டுப்போன அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் 2023இல் யூஏபிக்கு இடம் கிடைத்தது. முன்பைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். கிளார்க் முதுகுவலியால் 2022இல் ஓய்வுபெற்ற பிறகு அணி 2023இல் 4-8, 2024இல் 3-9 என்று சரிந்தது. பர்மிங்ஹாம் ஒன்றுகூடி அணியை எழுப்பியது உண்மை. ஆனால் ஒரு வாரத்தில் 10 கோடி டாலர் தரும் ஆட்கள் அங்கே இல்லை. மேல் கான்ஃபரன்ஸ்கள் இன்று விலை கேட்பது அந்த அளவில்தான்.

மூன்றாவது, திறக்காமலே இருப்பது. கன்சாஸில் இருக்கும் விச்சிட்டா ஸ்டேட் 1986 கடைசியில் ஃபுட்பாலை நிறுத்தியது. 1970இல் கொலராடோ மலையில் நடந்த விமான விபத்தில் ஆட்டக்காரர்கள் உட்பட 31 பேரைப் பறிகொடுத்த அணி அது; அதன் பிறகு பெரிதாக எழவே இல்லை. மிச்சமான பணமும் கவனமும் மற்ற விளையாட்டுகளுக்குப் போயின. 1989இல் பேஸ்பாலில் தேசிய சாம்பியன். 2013இல் பேஸ்கட்பாலில் கடைசி நால்வரில் ஒன்று. அடுத்த சீசனில் தொடர்ச்சியாக 35 வெற்றி. 2017இல் ஃபுட்பால் இல்லாமலே அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் அவர்களை அழைத்துக்கொண்டது. கடற்படை அகாடமி அந்தக் கான்ஃபரன்ஸில் ஃபுட்பால் மட்டும் ஆடியதால், இரண்டு விளையாட்டிலும் அணிகளின் எண்ணிக்கை சமமாக வந்தது.

இது புத்திசாலித்தனமான வழி என்றுதான் நினைக்கிறேன், ஒரு ஓட்டையைத் தவிர. விச்சிட்டா அங்கே போனது கனெக்டிகட், சின்சினாட்டி, ஹூஸ்டன் மாதிரி பேஸ்கட்பால் ஊர்களோடு ஆட. கனெக்டிகட் 2020இல் தன் பழைய கான்ஃபரன்ஸான பிக் ஈஸ்ட்டுக்கே திரும்பிவிட்டது. மற்ற இரண்டும் 2023இல் போய்விட்டன. இந்த நகர்வுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஃபுட்பால் பணம். ஃபுட்பாலே ஆடாத பல்கலைக்கழகம் அந்த முடிவுகளில் வாய் திறக்க முடியாது. வந்த விருந்தாளிகளோடு ஆடவேண்டியதுதான். இதில் கனெக்டிகட் செய்தது துணிச்சலான காரியம். 1 கோடியே 70 லட்சம் டாலர் வெளியேற்றக் கட்டணம் கட்டி, ஃபுட்பால் அணியைக் கான்ஃபரன்ஸ் இல்லாமல் தனியாக விட்டு, பேஸ்கட்பாலுக்காக வீடு திரும்பினார்கள். 2023, 2024 இரண்டு வருஷமும் ஆண்கள் தேசிய சாம்பியன் பட்டம் அவர்களுக்கு.

நான்காவது வழியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை: இறங்கிப்போவது. ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் மாஸ்கோ. சன் பெல்ட் கான்ஃபரன்ஸில் ஃபுட்பால் ஆட அங்கிருந்து தெற்கே வெகு தொலைவில் இருக்கும் லூசியானாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் பறந்துகொண்டிருந்தார்கள். சன் பெல்ட் கழற்றிவிட்டதும், 2018இல் தானாகவே மேல் பிரிவை விட்டுக் கீழ்ப் பிரிவான எஃப்சிஎஸ்ஸுக்கு வந்தது. அப்படிச் செய்த முதல் பல்கலைக்கழகம். ஆதரவாளர்களில் பலர் கொதித்தார்கள். முதல் சில வருஷம் சுமார்தான். 2022 முதல் 2024 வரை மூன்று வருஷமும் பிளேஆஃப். மொன்டானா, ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்று பழைய பகையாளிகள் மறுபடி அக்கம்பக்கத்தில்.

என் கணக்கில், நடுத்தரப் பணமுள்ள பல்கலைக்கழகம் யாராவது கேட்டால் ஐடஹோவைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். நகரம் பெரிது, கம்பெனிகள் கைகொடுக்கும் என்றால் யூஏபி வழி. பேஸ்கட்பால் பெயர் பெற்ற ஊர் என்றால் ஃபுட்பாலைத் தொடாமல் இருப்பதே மேல். எஸ்எம்யூ வழி எஸ்எம்யூவுக்கு மட்டும்தான்.

அதுவும்கூட இன்னும் முடிந்த கணக்கில்லை. கிளெம்சனும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் ஏசிசியோடு வழக்காடி 2025 மார்ச்சில் சமரசத்துக்கு வந்தன. அதன்படி வெளியேற்றக் கட்டணம் 2025-26இல் 16.5 கோடி டாலர். வருஷாவருஷம் குறைந்து 2030-31இல் 7.5 கோடியாக நிற்கும். எஸ்எம்யூவின் ஒன்பது வருஷம் முடிவது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. டிவி பணத்தில் முழுப் பங்கு கைக்கு வரும்போது அந்தக் கான்ஃபரன்ஸில் யார் யார் இருப்பார்கள் என்று இப்போதே பந்தயம் கட்ட நான் தயாரில்லை.